ஃபிரிட்ஜ் யாருடையதோ, வியாபாரம் அவர்களுடையது

பள்ளத்தூர் கடைக்காரர்:
மளிகையும் கூல்டிரிங்ஸுமாகக் கடை வைத்திருக்கிறேன். உள்ளூர்ச் சரக்கு ஏன் தோற்கிறது என்றால் எல்லாரும் விளம்பரத்தைச் சொல்வார்கள். என் கடையில் அதைத் தீர்மானித்தது ஃபிரிட்ஜ். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றைக் காசில்லாமல் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே அவர்கள் பாட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். கரண்ட் பில் மட்டும் நம்முடையது!

நம்ம காளிமார்க் கம்பெனியின் பொவண்டோ கலர் கிரேட்டோடு வெளியே நின்றது. சித்திரை வெயிலில் சூடான கலரை யார் குடிப்பார்கள்? இத்தனைக்கும் எனக்கு அதில்தான் லாபம் கூடுதல். ஒருநாள் கீழ்த்தட்டில், தயிர் பாக்கெட்டுக்குப் பின்னால் நாலு பாட்டிலை ஒளித்து வைத்தேன். சேல்ஸ்மேன் தம்பி வந்ததும் நேரே அங்கேதான் குனிந்தான். தயிரைக் கண்டும் காணாமல் விட்டான், பொவண்டோவைப் போட்டோ எடுத்தான். "அண்ணே, என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன அல்லவா? அப்போது பொவண்டோவைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் கதையைப் பள்ளிக்கூடப் பையன்கள் எனக்கே சொன்னார்கள். ஐஸ் பெட்டியில் போட்டு விற்றேன். வெயில் ஏற ஏற வீம்பு இறங்கிவிட்டது.

தேவகோட்டை ஆச்சி:
வெளிநாட்டுச் சாமானைக் குறை சொல்ல செட்டிநாட்டுக்கு வாயே கிடையாது தம்பி. வீடு முழுக்க பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள். அப்பத்தா சீரில் வந்த மங்குச் சட்டியின் அடியில் ஸ்வீடன் முத்திரை இருக்கும். இப்போது அதெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது.

ஆனால் நீங்கள் சொன்ன ஃபிரிட்ஜ் சங்கதி வீட்டு வேலையிலும் உண்டு. பின்கட்டைப் புதுப்பித்தபோது தரைக்கு நம்ம ஆத்தங்குடி ஊரில் செய்யும் பூக்கல்தான் போட நினைத்தேன். கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, கலர் சிமென்டைக் கரண்டியால் ஊற்றி, ஒவ்வொரு கல்லாகக் கையால் செய்வார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பதுதான். கண்ணாடியை எடுத்தால் பளபளவென்று பூ எழுந்து நிற்கும். கொத்தனாருக்கு அதெல்லாம் பொறுமையில்லை. "கம்பெனி டைல்ஸ்னா நாளைக்கே லாரியில வந்து இறங்கிடும் ஆச்சி" என்றார். கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது அப்புறம் தெரிந்தது. முகப்பில் மட்டும் பிடிவாதமாக ஆத்தங்குடிக் கல் போட்டேன். ஊரில் புது வீடெல்லாம் கம்பெனி டைல்ஸ். ரிசார்ட்காரர்கள்தான் ஆத்தங்குடியைத் தேடிப் போகிறார்கள்!

காரைக்குடி ரிட்டயர்டு வாத்தியார்:
கோல்டு ஸ்பாட் என்ற ஆரஞ்சு கலர் ஞாபகம் இருக்கிறதா? 1977இல் இந்தியாவை விட்டுப் போன கோக், 1993இல் திரும்பி வந்தபோது நம் நாட்டுக் கலர்களான தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் மூன்றையும் வாங்கியது. தம்ஸ் அப்பும் லிம்காவும் இன்னும் கடையில் இருக்கின்றன. கோல்டு ஸ்பாட்டைத்தான் காணோம். ருசி கெட்டுப்போயா அது மறைந்தது?

பள்ளத்தூர் கடைக்காரர்:
அதுதான் சார் என் வயிற்றெரிச்சலும். இந்தக் கோடைக்குள் செகண்ட் ஹேண்டில் சொந்தமாக ஒரு ஃபிரிட்ஜ் பார்க்கிறேன். கரண்ட் அதிகம் இழுக்காததாக யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.