தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஆப்பரேட்டர்கள் விலகுவது ஏன்?

கேள்வி (அம்பத்தூர் பட்டறைக்காரர்):
அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிஎன்சி (கணினி வழி இயங்கும்) இயந்திரங்களைக் கொண்டு ஜாப் ஒர்க், அதாவது பிற நிறுவனங்களின் ஆர்டருக்குப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். ஐ.டி.ஐ. முடித்து வரும் இளைஞர்கள், இயந்திரம் கைக்குப் பழகி அளவு தவறாமல் பாகம் எடுக்கத் தொடங்கும் வேளையில், தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு, பெரிய தொழிற்சாலைகள் உள்ள ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுகிறார்கள். சென்ற ஆண்டு சம்பளத்தை உயர்த்தியும் பயனில்லை. பெரிய தொழிற்சாலைகளோடு எங்களால் போட்டியிட முடியாது என்னும்போது, வேறு எதைச் செய்தால் ஆட்கள் நிலைப்பார்கள்?

பதில் (முன்னாள் ஆப்பரேட்டர்):
ஐயா, இப்படியொரு பட்டறையிலிருந்து விலகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். போனஸ் காரணமன்று, போவதென்று ஆடி மாதமே முடிவு செய்துவிட்டு, வரவேண்டிய பணத்துக்காகக் காத்திருப்போம், அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்கு வந்து, “இன்று இரவு இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போ” என்று சொல்லும் வழக்கம்தான் என்னை விரட்டியது. ஓவர்டைமுக்கு இருமடங்கு ஊதியம் தர வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்குக் கிடைத்ததோ பரோட்டாவும் ஆட்டோ காசும். இயந்திரத்தை ஒவ்வொரு வேலைக்கும் தயார்ப்படுத்தும் செட்டிங் செய்யவும் புரோகிராம் போடவும் கற்றுக்கொண்டால் ஓடிவிடுவான் என்று அஞ்சி, கடைசிவரை என்னைப் பொத்தான் அழுத்தவே வைத்திருந்தார்கள். செட்டராக ஆகும் வழி அங்கே தெரிந்திருந்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் தங்கியிருப்பேன்.

பதில் (ஒரகடம், மனிதவளத் துறை):
மேலே உள்ளவர் சொன்னது பெரும்பாலும் சரி என்றாலும், சம்பளத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பேச முடியாது. 1913இல் அமெரிக்காவின் ஃபோர்டு தொழிற்சாலையில் ஓராண்டில் விலகியவர்களின் எண்ணிக்கை, அங்கே வேலை செய்தோரின் எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்கையும் தாண்டியது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்த பிறகே அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த ஐந்து டாலரைச் சொல்பவர்கள், அதே அறிவிப்பில் வேலை நேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைந்ததைச் சொல்வதில்லை. எங்கள் பக்கமும் எல்லோரும் நிலைத்துவிடுவதில்லை: ஒப்பந்தத்தில் சேரும் பையன்கள், நிரந்தரம் இல்லை என்பது உறுதியானதும் அடுத்த கேட்டுக்குப் போய்விடுகிறார்கள். நிரந்தரப் பணி நியமனக் கடிதத்தை முதல் மாதமே தர உங்களால் முடியும். பல பெரிய நிறுவனங்கள் அதைத் தருவதில்லை.

பதில் (கிண்டி, கணக்காளர்):
நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்தாண்டு நிறைந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு என்பதே சிறு பட்டறைகளில் பலருக்குத் தெரியாது. சம்பளச் சீட்டில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் மட்டும் தெரிந்து, முதலாளி செலுத்தும் பங்கு தெரியாவிட்டால், அதைப் பணம் குறைவதாகவே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார வைத்து விளக்குங்கள்.

அம்பத்தூர் பட்டறைக்காரர்:
நன்றி. நியமனக் கடிதமும் செட்டிங் பயிற்சியும் இந்த மாதமே தொடங்கக் கூடியவை. ஓவர்டைம்தான் சிக்கல்: வாடிக்கையாளர் நிறுவனம் எங்களுக்குத் தரும் கெடுவே இரண்டு நாள் என்னும்போது, ஒரு வாரத்துக்கு முன்பே ஷிப்ட் அட்டவணை போட்டு அதன்படி நடக்கும் சிறு பட்டறை எவரிடமாவது இருக்கிறதா? இருந்தால், அவசர ஆர்டரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.