சூரிச்சிலிருந்து கோமோ ஏரிக்கு: ரயிலா, காரா?

மதுரைக்காரி:
ஜூன் கடைசியில் நானும் கணவரும், மாமனார் மாமியாரோடு சூரிச்சிலிருந்து கோமோ ஏரிக்கரையில் உள்ள வரென்னாவுக்குப் போகிறோம். அங்கே சில நாள் தங்கிவிட்டு மிலானில் விமானம். ஆல்ப்ஸைத் தாண்டும் அந்த ஒரு நாளை வெறும் பயணமாகக் கழிக்கக் கூடாது என்று ஆசை. கணவர் கார் எடுத்து ஓட்டலாம் என்கிறார். மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் கட்சி எதுவென்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நாலுசக்கரம்:
கார்தான், யோசிக்கவே வேண்டாம். சூரிச்–மிலான் விரைவு ரயிலில் ஏறினால் அது கோட்ஹார்டு அடிவாரச் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். 2016இல் திறந்த சுரங்கம், 57 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். ஆல்ப்ஸைத் தாண்டியாயிற்று என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். பார்த்தது என்னவோ ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகத்தைத்தான்.

காரில் ஆண்டர்மாட் என்ற மலையூருக்குப் போய், 2106 மீட்டர் உயரமுள்ள கோட்ஹார்டு கணவாயில் ஏறி, மறுபக்கம் டிரெமோலா என்ற பழைய சாலையில் இறங்குங்கள். கல் பாவிய சாலை, 24 கொண்டை ஊசி வளைவு. நேரம் இருந்தால் ஆண்டர்மாட்டிலிருந்து ஃபுர்கா கணவாய்க்கும் ஒரு எட்டு போய் வரலாம், 2429 மீட்டர். ரோன் நதி பிறக்கும் பனியாறு அங்கேதான். கோடையில் உருகிவிடாமல் இருக்க அதன் ஓரத்தில் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள், பெரிய வீட்டுக்குப் பந்தல் துணி பிரித்துப் போட்டதுபோல. பிடித்த இடத்தில் நிறுத்தி டீ குடிக்க எந்த ரயில் விடும்?

தண்டவாளம்:
விரைவு ரயிலில் போகச் சொன்னது யார்? இல்லாத வாதத்தை நீங்களே வைத்து நீங்களே ஜெயிக்கிறீர்கள்.

சகோதரி, சூரிச்சிலிருந்து கூர், அங்கிருந்து ஆல்புலா பாதையில் செயின்ட் மோரிட்ஸ், பிறகு பெர்னினா பாதையில் இத்தாலியின் டிரானோ. ஆல்புலாவும் பெர்னினாவும் சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. ஆல்புலா பாதையின் லாண்ட்வாசர் பாலத்தில் ரயில் 65 மீட்டர் உயரத்தில் வளைந்து, பாலம் முடியும் இடத்திலேயே செங்குத்துப் பாறைக்குள் நுழையும். பெர்னினாவில் 2253 மீட்டர் வரை ஏறி, அப்புறம் நாற்பது கிலோமீட்டருக்குள் 429 மீட்டருக்கு இறங்குகிறது. பனியாற்றைப் பார்த்துவிட்டு அதே மதியம் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே போவீர்கள். டிரானோவிலிருந்து மிலான் ரயில் வரென்னாவில் நிற்கும். உங்கள் ஊருக்கே கொண்டுபோய் விடுகிற வழி இது.

நாலுசக்கரம் சார், டிரெமோலாவில் 24 வளைவும் திரும்பும்போது இந்த அம்மாவின் கணவர் மலையைப் பார்ப்பாரா, எதிரே வரும் பைக்கைப் பார்ப்பாரா?

கூடலூரான்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பெர்னினாவின் அந்த 2253 மீட்டர் கிட்டத்தட்ட நம் ஊட்டி ரயில் நிலையத்தின் உயரம்தான், அது 2203. ஆனால் நம் வண்டி கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டுதான் ஏறும். பெர்னினா 7 சதவீதச் சரிவில் பல்சக்கரமே இல்லாமல் 1910 முதல் ஓடுகிறது. நீலகிரி நீராவி எஞ்சின்களில் பல சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை என்பதையும் மாமனாரிடம் சொல்லுங்கள், மனுஷன் சந்தோஷப்படுவார். சரி, நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

நாலுசக்கரம்:
ஓட்டுபவர் சாலையைப் பார்ப்பார், மற்ற மூன்று பேர் மலையைப் பார்ப்பார்கள். நிறுத்தினால் நான்கு பேரும் பார்ப்பார்கள். பெர்னினா பாதையில் ஓடும் சுற்றுலா ரயிலின் பனோரமா பெட்டியில், அதாவது பெரிய கண்ணாடி வைத்த பெட்டியில், ஜன்னலைத் திறக்கவே முடியாது. எடுக்கிற படத்தில் பாதி, எதிர் சீட்டுக்காரரின் சிவப்புச் சட்டை கண்ணாடியில் தெரிவதுதான். இருக்கை முன்பதிவு வேறு கட்டாயம். அன்றைக்கென்று மேகம் இறங்கி மூடிக்கொண்டால்? காரில் வழியை மாற்றலாம், ஒரு நாள் தள்ளியும் போகலாம்.

சூரிச்வாசி:
கனகாலமாக இங்கே இருக்கிறேன், இரண்டு பேர் சொல்வதிலும் விட்டுப்போனவை இருக்கின்றன.

பனோரமா பெட்டி பற்றி நாலுசக்கரம் அண்ணா சொன்னது சரி. ஆனால் அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயிலும் ஓடுகிறது. முன்பதிவு தேவையில்லை. பின்னால் கோர்க்கும் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் ஜன்னலை இறக்கலாம். மழை என்றால் அடுத்த நாள் போங்கோ, ஒருவரும் கேட்கமாட்டார்கள். நடுவில் அல்ப் க்ரூமில் இறங்கலாம், 2091 மீட்டர். எதிரே பாலூ பனியாறு, நிலையத்திலேயே உணவகம். அந்த இடத்துக்குக் கார் போக ரோடே இல்லை. மோர்டெராட்ச் நிலையமும் வடிவான இடம். பாதை போட்ட காலத்தில் பனியாறு நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. இப்போது அதைப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், எந்த ஆண்டில் பனி எதுவரை நின்றது என்று வழி நெடுக அடையாளம் வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் நடக்க வேண்டாம்.

கார் என்றால்: சுவிஸ் நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற கட்டண ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஒரு நாளுக்கும் 40 பிராங்க், ஒரு வருடத்துக்கும் 40 பிராங்க். வாடகைக் காரில் அநேகமாக ஒட்டியே இருக்கும். இங்கே எடுத்து இத்தாலியில் விடுவதற்குத் தனிக் கட்டணம், அது வாடகையை விடக் கூடுதலாக வந்தாலும் ஆச்சரியமில்லை. மலைச் சாலையில் இரண்டு வாகனம் விலத்த முடியாவிட்டால் இறங்கி வருபவர்தான் நிற்க வேண்டும். மஞ்சள் தபால் பேருந்தின் ஓட்டுநர் கை காட்டினால் அவர் சொன்னபடி பின்னுக்கு எடுக்க வேண்டும். பழக்கமில்லாத வலப்பக்க ஓட்டத்தில், வளைவில், ரிவர்ஸ். யோசித்துப் பாருங்கோ.

நாலுசக்கரம்:
வால்பாறைச் சாலையில் ஓட்டிப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

தண்டவாளம்:
வால்பாறையில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் சார். அதோடு அங்கே மாமியார் பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டுதான் வருவார். 2000 மீட்டர் ஏறி இறங்கும் நாளில் வயதானவர்களுக்கு எழுந்து நடக்க இடமும், கழிப்பறையும் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று கூட்டிப் போனவர்களுக்குத் தெரியும்.

நாலுசக்கரம்:
பெட்டி தூக்குவது யார்? கூரில் மாறி, செயின்ட் மோரிட்ஸில் மாறி, டிரானோவில் மாறி, நான்கு பேர் பெட்டியோடு. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இளவட்டம் இரண்டு பேர் மட்டும் போனால் நான் சொன்ன வழிதான், அதில் மாற்றமே இல்லை. சரி, மாறாமல் போக வேண்டும் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். கோட்ஹார்டின் 1882ஆம் ஆண்டுப் பழைய மலைப்பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. சுரங்கத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறுவதால் வாசன் ஊர்த் தேவாலயம் மூன்று முறை மூன்று உயரத்தில் தெரியும். சூரிச்சில் ஏறினால் பெலின்சோனா வரை ஒரே ரயில்.

தண்டவாளம்:
ஆக நீங்களும் ரயிலுக்கு வந்துவிட்டீர்கள்.

நாலுசக்கரம்:
வரவில்லை. பெர்னினாவை விட இது மேல் என்கிறேன்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாமியார் கழிப்பறை என்ற வார்த்தையோடு முடிவெடுத்துவிட்டார். பெர்னினா, வட்டார ரயில். செயின்ட் மோரிட்ஸில் ஒரு இரவு தங்கி, காலையில் வானத்தைப் பார்த்துக் கிளம்புவதாகத் திட்டம். கணவர் மட்டும் டிரெமோலா படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிரானோவில் மாறுவது கஷ்டமா?

சூரிச்வாசி:
இல்லை அக்கா. சுவிஸ் நிலையமும் இத்தாலி நிலையமும் தனித்தனிக் கட்டடம், ஆனால் பக்கத்துப் பக்கத்தில். இத்தாலி ரயிலுக்கு டிக்கெட் தனியாக எடுக்க வேண்டும். ரயில்கள் அடிக்கடி இல்லை, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நேரமாகும், வரும்போதே அட்டவணையைப் பாருங்கோ. செயின்ட் மோரிட்ஸிலிருந்து டிரானோ வரைக்கும் வலப்பக்கம் உட்காருங்கோ, டிரானோவிலிருந்து வரென்னாவுக்கும் வலப்பக்கம்தான், ஏரி அந்தப் பக்கம். தேவாலயத்துக்கு முன்னால் சதுக்கத்தின் நடுவே ரயில் டிராம் மாதிரிப் போகும்போது டிரானோ வந்துவிட்டது என்று எழும்பி, பெட்டிகளை எடுத்து வையுங்கோ.