இரும்பு ட்சுபாவின் கறுப்புப் பூச்சு: அகற்றலாமா, காக்க வேண்டுமா?

வினா – பழம்பொருள் நேசன்

வணக்கம். ஜப்பானிய வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே செருகப்படும் காப்புத் தகடான ட்சுபா ஒன்று அண்மையில் என்னிடம் வந்து சேர்ந்தது. இரும்பாலான வட்டத் தகடு. ஜப்பானின் எடோ காலத்தைச் (1603–1868) சேர்ந்தது என்று விற்றவர் கூறினார். இரு முகங்களிலும் மங்கிய கருமை படர்ந்திருக்கிறது. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் அக்கருமை மெல்லிய செதிலாகப் பெயர்ந்து, அடியில் செந்துரு தெரிகிறது. துருவை எலும்புத் துண்டாலோ மான்கொம்பாலோ தேய்த்தெடுக்கலாம் எனச் சேகரிப்பாளர்கள் பலர் எழுதுகிறார்கள். இந்தக் கருமை உருஷி எனப்படும் ஜப்பானிய மரப்பால் மெருகின் பழைய பூச்சா, பிற்காலத்தில் அடித்த பெயின்டா என்பதை எவ்வாறு அறிவது? அதை நீக்கி இரும்பை வெளிக்கொணர்வது முறையாகுமா?

மறுமொழி – உலோகப் பட்டறை

தயவுசெய்து தேய்க்காதீர்கள். எலும்பால் தேய்க்கும் முறை, பூச்சு ஏதுமின்றிக் கருந்துரு படிந்த இரும்புக்கு உரியது. உருஷி பூசிய தகட்டில் அதைக் கையாண்டால் துருவோடு சேர்ந்து அருகிலுள்ள நல்ல பூச்சும் உதிர்ந்துவிடும்.

வாள் அணிகளில் கருமை பல வழிகளில் வருகிறது. ஷகுடோ என்பது செம்பில் சுமார் 3 முதல் 5 விழுக்காடு பொன் கலந்து, செப்பு உப்புக் கரைசலில் காய்ச்சிக் கறுக்கவைத்த உலோகம். அதில் செந்துரு பிடிக்காது என்பதால் உங்கள் தகடு அதுவன்று. மெல்லிய படலமாகப் பெயர்வதைப் பார்த்தால் பூச்சு என்றே தோன்றுகிறது.

அலகு நுழையும் நடுத்துளையை உருப்பெருக்கியால் பாருங்கள். வாளுக்கு இறுக்கமாகப் பொருந்துவதற்காக அத்துளையின் ஓரங்களில் உளியால் குத்தியிருப்பார்கள். சிலவற்றில் செப்புத் துண்டுகளும் செருகப்பட்டிருக்கும். அந்த உளித்தடங்களையும் செம்பையும் மூடிக்கொண்டு பூச்சு ஒரே சீராக ஓடினால், வாளில் பொருத்திய பிறகு பூசியது என்று கொள்ளலாம். தடங்கள் பூச்சை வெட்டிக்கொண்டு சென்றால், பூச்சே முந்தியது. செதுக்கு வேலைகளையும் கவனியுங்கள்: நல்ல உருஷி மெல்லியதாகப் படிவதால் கோடுகள் கூர்மை குன்றாமல் நிற்கும், தடித்த பெயின்ட் பள்ளங்களை நிரப்பிவிடும்.

மறுமொழி – வேதியியல் மாணவி

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உருஷி ஒரு மரத்தின் பால். அதை இறுகச் செய்யும் நொதியை 1883-இல் ஹிகொரொகுரோ யோஷிதா விளக்கினார். அந்நொதி ஈரக்காற்றில்தான் நன்கு இயங்கும் என்பதால், மரப்பொருள்களில் பூசிய உருஷியை 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமுள்ள பெட்டியில் வைத்து இறுகவிடுகிறார்கள். வழவழப்பான உலோகத்தில் அப்படி இறுகிய பூச்சு வலுவாகப் பற்றுவதில்லை. ஆகவே இரும்பை 100 பாகை செல்சியசுக்கு வெகு மேலே சூடாக்கி, உருஷியைச் சுட்டு இறுகவைக்கும் முறை தோன்றியது. போர்க்கவசத் தகடுகளைத் துருவிலிருந்து காத்ததும் உருஷிதான்.

முற்றும் இறுகிய உருஷி சாராயத்திலோ அசிட்டோனிலோ கரையாது. பூச்சி அரக்கு சாராயத்தில் கரையும், பெயின்டுகள் பல அசிட்டோனில் இளகும். இதைச் சோதனையாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பழைய உருஷி வெளிச்சத்தில் நலிந்திருந்தால் திரவம் பட்டாலே கறை படியும். மேலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து செய்த மாற்றுப் பூச்சும் பரவியது. முந்திரியும் உருஷி மரமும் ஒரே தாவரக் குடும்பம். நன்கு இறுகிய பின் அதை வெறுங்கண்ணால் பிரித்தறிவது அரிது.

பழம்பொருள் நேசன்

இருவருக்கும் நன்றி. பார்த்தேன். உளித்தடங்களில் பூச்சு இல்லை. ஒவ்வொரு குத்தின் ஓரத்திலும் கரும்படலம் நொறுங்கி, இரும்பு பழுப்பாகத் தெரிகிறது. செதுக்குக் கோடுகளும் கூர்மையாகவே உள்ளன. துரு பரவாமலிருக்க எண்ணெய் தடவலாமா?

மறுமொழி – உலோகப் பட்டறை

அப்படியானால் வாளில் கடைசியாகப் பொருத்துவதற்கு முன்பே பூசியது. அதை நீக்குவது கைவினைஞர் தந்த மேற்பரப்பையே அழிப்பதாகும். எண்ணெய் வேண்டாம். பெயர்ந்த செதிலின் அடியில் அது ஊறிவிட்டால், பின்னர் பாதுகாப்பு வல்லுநர் நீர்த்த உருஷியைச் செலுத்தி ஒட்டவைக்க முயலும்போது பிடிக்காது. பருத்திக் கையுறையோடு எடுங்கள், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள், செதில் உள்ள பக்கம் எதன்மீதும் உரசாதபடி தகட்டைக் கிடையாகப் பெட்டியில் இடுங்கள். துருப்புள்ளி பெரிதாகிறதா என்பதை அறிய இப்போதே அளவுகோலோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிதானால் அந்தப் படத்தோடு அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவு ஒன்றை அணுகுங்கள்.