மறு: டிபென்டென்சி – ‘சார்பு’ வேண்டாம், சரி, வேறு என்ன?

> ‘முன்தேவை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கும் பிடித்த சொல்தான். ஒரு மென்பொருள் பொதி இயங்க வேறொரு பொதி தேவைப்படுவதைத்தான் டிபென்டென்சி என்கிறோம்; மொழிபெயர்ப்பில் நேற்றுவரை அதற்கு ‘முன்தேவை’ என்றே போட்டுக்கொண்டிருந்தேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், பொதிகளின் விவரக் கோப்பில் ‘டிபென்ட்ஸ்’ தவிர ‘பிரீ-டிபென்ட்ஸ்’ என்றும் ஒரு வரி உண்டு. அங்கே வந்து மாட்டிக்கொண்டேன். முதல் வகையில் இரண்டு பொதிகளையும் எந்த வரிசையிலும் பிரித்துப் போடலாம். நம் பொதியை அமைக்கும் நேரத்தில் மற்றது தயாராக இருந்தால் போதும். இரண்டாம் வகையில் மற்றதை நிறுவி, அமைத்து முடித்த பிறகுதான் நம்முடையதைப் பிரிக்கவே தொடங்கலாம். ‘முன்’ அங்கேதான் உட்கார வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன வைப்பது?

என் பரிந்துரை: உடன்தேவை. (புணர்ச்சி விதியைக் காட்டி ‘உடன்றேவை’ என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.) திரையில் வைத்துப் பாருங்கள்:

‘தீர்க்கப்படாத சார்புகள் உள்ளன.’

‘இந்தப் பொதிக்கு 3 உடன்தேவைகள் உண்டு. அவற்றையும் நிறுவட்டுமா?’

கணக்குப் பாடத்தில் ‘சார்பு’ என்றால் ஃபங்ஷன்; அதனால் முதலாவதைப் படித்தால் கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி இருப்பதுபோல் இருக்கிறது. பயனருக்கு என்ன செய்வதென்றே தெரியாது.

> ஆப்இமேஜ் மாதிரி எல்லாமே ஒரே கோப்பில் வந்தால் பயனர் கண்ணில் இந்தச் சொல்லே படாதே?

நல்ல கேள்வி. ஆனால் பழைய ஆப்இமேஜ் கோப்புகள் பலவற்றுக்கு லிப்ஃப்யூஸ்2 என்ற நிரலகம் கணினியில் தனியாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் திறக்காது. எதையும் நம்பாத கோப்புக்கும் ஓர் உடன்தேவை! அப்புறம், பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரலகம் ஒன்றில் பாதுகாப்புக் குறை வந்தால் பொதி முறையில் அதை ஒரு தடவை இற்றைப்படுத்தினால் போதும். எல்லாவற்றையும் உள்ளே அடைத்த கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஆக, சொல் தேவைதான்.

> நீக்கும்போது? எதிர்த்திசைக்கு, அதாவது நம் பொதியை நம்பியிருக்கும் மற்றவற்றுக்கு?

‘தலைகீழ் உடன்தேவை’ என்றால் யோகாசனம் மாதிரி இருக்கிறது. பயனருக்குச் சொல்லே வேண்டாம், வாக்கியம் போதும்: ‘இதை நம்பி 2 பொதிகள் உள்ளன, அவையும் நீக்கப்படும்.’ நிரலாளர்களுக்கு வேண்டுமானால் ‘நம்புபொதி’ என்று வைக்கலாமா? எனக்கே அரை மனதுதான்.

இன்னொன்று: அதே விவரக் கோப்பில் வரும் ‘ரெக்கமெண்ட்ஸ்’, ‘சஜஸ்ட்ஸ்’ இரண்டையும் ‘பரிந்துரை’ என்றே எழுதி வைத்திருக்கிறோம். டெபியனில் பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் இயல்பாகவே முதலாவதையும் சேர்த்து நிறுவும், இரண்டாவதை நிறுவாது. அதனால் இரண்டாவதை ‘யோசனை’ என்று மாற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதுவரை ‘முன்தேவை’ உள்ள மொழிபெயர்ப்பு வரிகளில் கைவைக்க மாட்டேன்.