பி0135 கோடு: ஆக்சிஜன் சென்சாரை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

புதுப்பயணி:

வணக்கம் நண்பர்களே. 4 சிலிண்டர் பெட்ரோல் கார், 1,30,000 கி.மீ. ஓடியது. செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0135 (P0135) என்ற கோளாறுக் கோடு மட்டும்தான் வருகிறது. அழித்தால் இரண்டு நாளில் மறுபடி வந்து நிற்கிறது. மைலேஜும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கையில் ஸ்பேனர் செட், ஜாக்கி, மல்டிமீட்டர் உண்டு.

சென்சார்தான் போயிருக்கிறது என்று வாங்கும் முன் எப்படி உறுதி செய்வது? வண்டியில் இரண்டு சென்சார் இருக்கிறதே, இந்தக் கோடு எதைச் சொல்கிறது? கழற்றும்போது மரை பிய்ந்துவிடும் என்கிறார்கள், அதைத் தவிர்க்க என்ன வழி? கனெக்டர் இல்லாத யுனிவர்சல் சென்சார் விலை குறைவாக இருக்கிறது, அதைப் போடலாமா?

வோல்ட்மீட்டர்:

பி0135 என்பது பேங்க் 1, சென்சார் 1-இன் ஹீட்டர் சர்க்யூட் கோடு. முதலாம் சிலிண்டர் இருக்கும் பக்கம் பேங்க் 1. 4 சிலிண்டர் வண்டியில் பெரும்பாலும் ஒரே பேங்க்தான், குழப்பமில்லை. சென்சார் 1 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) முன்னால் இருப்பது. பின்னால் இருப்பதன் ஹீட்டருக்கு பி0141 வரும்.

இந்தக் கோடு சென்சார் புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, உள்ளே இருக்கும் ஹீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறது. சிர்கோனியா செராமிக் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஸ்டார்ட் செய்தவுடன் அந்தச் சூட்டைக் கொடுக்கத்தான் ஹீட்டர். அது செத்தால் புகையின் சூடு மட்டுமே துணை. அந்தச் சூடு ஏறும் வரை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சென்சாரைப் பார்க்காமல் கணக்குப்படி பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். குறுந்தூர ஓட்டத்தில் மைலேஜ் குறைவது அதனால்தான்.

வாங்கும் முன் மூன்று சோதனை போதும். ஹீட்டர் ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். ஒரே ஃப்யூஸ் இரண்டு சென்சாருக்கும் போகும் வண்டியில் ஃப்யூஸ் போயிருந்தால் பி0141-ம் சேர்ந்து வந்திருக்கும், உங்களுக்கு ஒன்றுதான் வருகிறது, என்றாலும் பார்த்துவிடுங்கள். அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு கனெக்டரைப் பிரித்து, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயருக்கு இடையில் ஓம் பாருங்கள். மாடலைப் பொறுத்து சுமார் 2 முதல் 15 ஓம் வரை வரலாம். ஓப்பன் (தொடர்பே இல்லை) என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அந்த ஒயருக்கும் சென்சாரின் இரும்பு உடலுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. மூன்றாவதாக, வண்டிப் பக்கக் கனெக்டரில் ஒரு பின்னில் 12 வோல்ட் வருகிறதா என்று பேட்டரி நெகட்டிவை வைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் சாவியைப் போட்டாலே வரும், சிலவற்றில் இன்ஜின் ஓடினால்தான் ரிலே கொடுக்கும். ஹீட்டரின் எர்த் பக்கத்தை இசியூதான் விட்டுவிட்டுத் தரும்.

12 வோல்ட் வரவில்லையென்றால் புது சென்சார் போட்டாலும் இதே கோடுதான் வரும்.

புதுப்பயணி:

பார்த்துவிட்டேன். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, 12.3 வோல்ட் வருகிறது, சென்சார் பக்கம் ஓப்பன். அப்படியானால் மாற்றியே ஆக வேண்டும். சென்சாரின் அடியில் துரு ஏறியிருக்கிறது.

ஸ்பேனர்22:

ஓப்பன் வந்துடுச்சுன்னா தயங்க வேணாம், மாத்திடுங்க. ஆனா புது சென்சார் கைக்கு வர்ற வரைக்கும் பழசைத் தொடாதீங்க. நாலு ஒயர்தானான்னு மட்டும் பார்த்து வாங்காதீங்க, பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்க. ஏர் ஃப்யூயல் ரேஷியோ வகை (காத்து-பெட்ரோல் விகிதத்தையே அளக்கற) சென்சாரும் சில வண்டியில நாலு ஒயர்லயே வரும். அது வெளியில பார்க்க சாதா சென்சார் மாதிரியே இருக்கும், மரையும் ஒண்ணாவே இருக்கும், வேலை செய்யற விதம் முற்றிலும் வேற. மாத்திப் போட்டா வண்டி ஒழுங்கா ஓடாது.

துருவுக்கு: முந்தின நாள் ராத்திரி, வண்டி நல்லா ஆறின பிறகு, மரை அடியில துருநீக்கி ஸ்பிரே அடிச்சு ஊற விடுங்க. சூடா இருக்கற சைலன்சர் மேல அடிக்கவே கூடாது, புகையும், தீயும் பிடிக்கும். காலையில இன்னொரு தடவை கொஞ்சம். அப்புறம் திறந்த இடத்துல, ஷெட்டுக்குள்ள இல்ல, 2-3 நிமிஷம் இன்ஜினை ஓட்டி நிறுத்துங்க. பைப் லேசா சூடானா விரியும், பிடி தளரும். தோல் கையுறை கட்டாயம்.

கீழ இருந்து வேலைன்னா ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஸ்டாண்டு வைங்க, பின் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. அதுக்குக் குறுக்குவழியே கிடையாது.

பெரும்பாலான சென்சாருக்கு 22 மி.மீ. பிடி. ஒயர் போக வெட்டு விட்ட சாக்கெட் கடையில கிடைக்கும். ஆனா துரு ஏறின சென்சார்ல அது பலம் கொடுக்கும்போது வாயைப் பிளக்கும், மூலை மழுங்கிடும். பழசை எப்படியும் தூக்கித்தான் போடப்போறோம், அதனால ஒயரை வெட்டிட்டு 22 மி.மீ. முழு ரிங் ஸ்பேனரோ ஆழமான ஆறுமூலை சாக்கெட்டோ போட்டுப் பிடிங்க. ஆறு பக்கமும் கவ்வும். ஒயரை வெட்டறதுக்கு முன்னாடி புது கனெக்டர் வண்டிப் பக்கத்துல பொருந்துதான்னு சொருகிப் பார்த்துடுங்க.

இப்ப மரை விஷயம். சென்சார் கொஞ்சம் சுத்திட்டு மறுபடி இறுகுதுன்னா அங்கேயே நிறுத்துங்க. மரை இடுக்குல துருத்தூள் சேர்ந்து கடிக்குதுன்னு அர்த்தம். கால் சுத்து திரும்ப முறுக்குங்க, பைப் ஆறினதும் ஸ்பிரே விடுங்க, அஞ்சு நிமிஷம் பொறுங்க, மறுபடி தளர்த்துங்க. முன்னும் பின்னுமா இப்படியே வெளிய கொண்டு வரணும். நீளக் குழாயை மாட்டி ஒரே இழுப்புல எடுக்கப் பார்த்தா பைப்புல இருக்கற மரையும் சென்சாரோட சேர்ந்து வெளிய வரும்.

வெளிய வந்ததும் 18×1.5 மரை சீர்செய்யும் சேசரைக் கையாலயே உள்ள விட்டு எடுங்க. அதோட பள்ளத்துல கிரீஸ் தடவிட்டா தூள் அதுலயே ஒட்டிக்கும், கன்வெர்ட்டர் பக்கம் போகாது.

வோல்ட்மீட்டர்:

மேலே சொன்னதோடு சேர்த்து, பழைய சென்சாரின் முனையைப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள். ஹீட்டர் வயதாகி அறுவது வழக்கம்தான், ஆனால் முனை வேறு சேதியும் சொல்லும். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தது போல இருந்தால் கூலண்ட் கசிந்து எரிகிறது, அல்லது எங்கோ சிலிக்கான் பசை தடவியிருக்கிறார்கள். கருப்புக் கரி அடர்த்தியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இவற்றைச் சரி செய்யாவிட்டால் புது சென்சாரும் சீக்கிரமே கெடும்.

புது சென்சாரின் மரையில் கம்பெனியிலேயே பசை தடவி வரும். அதைத் துடைக்காதீர்கள், மேலும் தடவாதீர்கள். பசை வராத சென்சார் என்றால் நிக்கல் கலந்த, சென்சாருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பசையை மரைக்கு மட்டும் மெல்லிதாக. முனையில் விரல்கூடப் படக் கூடாது. தரையில் விழுந்த சென்சாரையும் போடாதீர்கள். வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே செராமிக் விரிசல் விட்டிருக்கலாம்.

முதலில் கையாலேயே முழுக்கச் சுற்றி உட்கார வையுங்கள். கையால் போகவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, எடுத்துவிட்டு மறுபடி. பிறகு டார்க் ரென்ச்சில் பல வண்டிகளுக்கு 40 முதல் 45 நியூட்டன் மீட்டர், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. கனெக்டரைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும், முதலில் மாட்டினால் சென்சாரைச் சுற்றச் சுற்ற ஒயர் முறுக்கிக்கொள்ளும். ஒயரைப் பழைய கிளிப்பிலேயே பிடித்து, சூடான பைப்பைத் தொடாமல் விடுங்கள்.

புதுப்பயணி:

மிக்க நன்றி. யுனிவர்சல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஸ்பேனர்22:

கனெக்டரோட வர்றது கிடைச்சா அதையே வாங்குங்க. யுனிவர்சல் கெட்டதில்ல, ஒட்டுப் போடற வேலையிலதான் கெடும். நிறத்துல பெரிய ஏமாற்றம் இருக்கு. பாஷ் வகையில ரெண்டு வெள்ளை ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோ வகையில ரெண்டு கருப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். வெள்ளைக்கு வெள்ளை, கருப்புக்குக் கருப்புன்னு கோத்தா 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகும். ஹீட்டர் ஒயர் ரெண்டும் இடம் மாறினா பரவாயில்ல, மத்த ரெண்டும் மாறவே கூடாது.

சால்டர் பண்ணாதீங்க. பல சென்சார் ஒப்பீட்டுக்குத் தேவையான வெளிக்காத்தை ஒயர் இழைக்கு நடுவுல இருந்துதான் எடுக்குது. ஈயம் அந்த வழியை அடைச்சிடும். கனெக்டருக்குள்ள கிரீஸ், கிளீனர் ஸ்பிரே போடறதும் அதே காரணத்துக்காகத் தப்பு. தண்ணி புகாத கிரிம்ப் போட்டு அழுத்துங்க. நாலு ஒட்டும் ஒரே இடத்துல வராம முன்னப்பின்ன வெட்டுங்க.

வோல்ட்மீட்டர்:

மாட்டிய பிறகு கோடை அழித்துவிட்டு லைவ் டேட்டா பாருங்கள். இன்ஜின் சூடான பின் 2500 ஆர்பிஎம்மில் முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். பின் சென்சார் 0.6, 0.7 அருகில் பெரிதாக அசையாமல் நிற்பதுதான் சரி. உங்களுடையது ஏர் ஃப்யூயல் ரேஷியோ வகையாக இருந்தால் முன் சென்சார் இப்படி ஆடாது, லாம்டா மதிப்பு (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1 என்றால் சரியான கலவை) 1-ஐ ஒட்டி நிற்கும். அதைப் பார்த்து சென்சார் செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்யூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) குறுகிய கால, நீண்ட கால இரண்டையும் கூட்டினால் பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

சென்சார் புதிதாக இருந்தும் லீன் (பெட்ரோல் குறைவு) என்றே காட்டினால் இரண்டு இடம் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் இதே கதை: அங்கே எரியாத பெட்ரோல் இருந்தாலும் எரியாத ஆக்சிஜனும் கூடவே வருகிறது, சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும்தான்.

ஹீட்டர் சோதனையை இசியூ குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் நடத்தும். அதனால் கோடை அழித்த உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு ராத்திரி வண்டியை ஆற விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து 15 நிமிடம் ஓட்டுங்கள். மறுநாளும் அப்படியே. ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் மானிட்டர் (இசியூவின் சுயசோதனை) முடிந்தது என்று காட்டி, பெண்டிங் (இன்னும் உறுதியாகாத) கோடும் இல்லாமல் இருந்தால் வேலை முடிந்தது.