மடிக்கும் இடத்தில் அறுகிற வயர்: ஸ்மார்ட் கண்ணாடிக் கீல், வேலை செய்பவர்களின் அனுபவப் பகிர்வு

கீல் வடிவமைப்புப் பக்கத்திலிருந்து:

2013-இல் வந்த கூகுள் கிளாஸ் எக்ஸ்ப்ளோரருக்கு கீலில் வயர் அறுகிற தலைவலியே இல்லை, அதன் கை (காதில் மாட்டும் தண்டு) மடியாது. ரே-பான் மெட்டா மாதிரி கேமராவை முன்பக்க மூலையிலும் பேட்டரியைக் கையிலும் வைத்த கண்ணாடியில் வயர் கீலைக் கடந்தே ஆக வேண்டும். பெரும்பாலான குழுக்கள் சாதாரணக் கீலை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வயருக்கு வழி தேடுகிறார்கள். வரிசை தலைகீழ்.

சாதாரணக் கீலின் ஸ்க்ரூ கன்னத்துப் பக்கம், அதாவது உட்பக்கம் இருக்கும். வயர் கையின் நடுவில் ஓடும். அதனால் கையை மடிக்கும்போது வயர் போகும் பாதை நீள்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போடுவது சுலபம்: அச்சிலிருந்து (கீல் சுழலும் கோடு, அதாவது ஸ்க்ரூவின் நடு) வயர் தள்ளியிருக்கும் தூரத்தைக் கோணத்தால் (ரேடியனில்) பெருக்குங்கள். 2 மி.மீ. தள்ளியிருந்து 90 பாகை மடித்தால் 3.1 மி.மீ. அவ்வளவு வயர் எங்கிருந்தோ வர வேண்டும். வராவிட்டால் ஒரு முனையில் கனெக்டர் கழன்று வரும், இல்லையென்றால் செம்பு அறும்.

ஸ்ப்ரிங் கீல் என்றால் இன்னும் மோசம். வெளிப்பக்கம் 10–15 பாகை கூடுதலாக விரிவதோடு உள்ளே இருக்கும் சறுக்குத் துண்டும் நகரும். அந்த நகர்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மேசையில் திறந்து மூடும்போது எதுவும் தெரியாது, அகலமான தலையில் மாட்டிய பிறகுதான் கோளாறு வரும்.

வயரை அச்சிலேயே வைப்பது ஒரு வழி. 1.4 மி.மீ. ஸ்க்ரூவைக் குடைந்து வயர் விட முடியாது. ஒரே நீள ஸ்க்ரூவுக்குப் பதிலாக மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு குட்டை ஆணி போட்டு நடுவைக் காலியாக விட்டால், வயர் அச்சுக்கோட்டைத் தொட்டபடி கடக்கும். பாதை நீளம் ஏறக்குறைய மாறாது. இதற்குக் கொடுக்கும் விலை: கை மேலும் கீழும் ஆடாமல் இருக்க இரண்டு ஆணிகளும் ஒரே கோட்டில் மிகத் துல்லியமாக உட்கார வேண்டும்.

ஃப்ளெக்ஸ் சர்க்யூட் பக்கத்திலிருந்து:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அச்சில் வைத்தாலே போதும் என்று நினைத்து, கீலுக்கு இரு பக்கமும் ஃப்ளெக்ஸை (வயருக்குப் பதிலாகப் போடும், செம்புத் தடங்கள் பதித்த வளையும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டிவிட்டு நடுவில் 2 மி.மீ. மட்டும் விடுகிறார்கள். 2 மி.மீ.க்குள் 90 பாகை வளைந்தால் வளைவு ஆரம் 1.3 மி.மீ.தான். 3 மி.மீ. ஆரம் வேண்டுமென்றால் கட்டில்லாத நீளம் குறைந்தது 4.7 மி.மீ. வேண்டும். 7–8 கொடுங்கள், ஏனென்றால் எந்தப் பட்டையும் சீரான வில்லாக வளையாது.

ஏன் 3? ஒற்றை அடுக்கு ஃப்ளெக்ஸில் 12 மைக்ரான் செம்பு இரண்டு பாலிஇமைடு தாள்களுக்கு நடுவில் சரியாக மையத்தில் இருந்தால், 3 மி.மீ. ஆரத்தில் செம்பின் விளிம்பு இழுபடுவது 0.2 சதவீதம். அடிக்கடி வளையும் இடத்துக்கு 0.3 சதவீதத்துக்குள் வைப்பது பழகிய வழக்கம். அதே இடத்தில் இரட்டை அடுக்கு போட்டால் செம்பு மையத்திலிருந்து சுமார் 30 மைக்ரான் தள்ளிப்போகும், இழுப்பு 1 சதவீதத்தைத் தொடும். இரண்டு அடுக்கு அவசியமானால் இரண்டு ஒற்றை அடுக்குகளை, கீல் பகுதியில் மட்டும் ஒட்டாமல், தனித்தனித் தாளாக விடுங்கள்.

உருட்டிப் பதமாக்கிய செம்புதான் கேட்க வேண்டும், மின்படிவுச் செம்பு (மின்சாரத்தால் படியவைத்த தாள்) வேண்டாம். உருட்டிய திசை தடங்களின் நீளவாக்கில் இருக்கிறதா என்பதை வரைபடத்திலேயே எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் ஃப்ளெக்ஸ் செய்பவர்கள் தாளில் இடம் மிச்சப்படும்படி திருப்பி அடுக்கிவிடுவார்கள். வளையும் பகுதியில் வயா (அடுக்குகளை இணைக்கும் துளை), முலாம், தடத்தின் அகல மாற்றம் எதுவும் கூடாது. தடங்கள் வளைவுக்கோட்டுக்குச் செங்குத்தாகக் கடக்கட்டும். தரை அடுக்கு (கிரவுண்டு) முழுத் தகடாக இல்லாமல் வலைப்பின்னலாக இருக்கட்டும். ஆனால் வலைப்பின்னல் மின்மறுப்பை ஏற்றும், கேமராவின் 100 ஓம் ஜோடித் தடங்களை அதற்கேற்ப மறுபடி கணக்கிட வேண்டும்.

மின்சாரத் தடத்தை மறந்துவிடுவதும் உண்டு. 0.2 மி.மீ. அகலம், 12 மைக்ரான் தடிமன், 40 மி.மீ. நீளம் என்றால் கிட்டத்தட்ட 0.29 ஓம். அரை ஆம்பியரில் போக 0.14 வோல்ட், வர 0.14 வோல்ட். கேமரா எழும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆவதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள். நான்கு தடங்களை இணையாகப் போடுங்கள்.

அதே பக்கத்திலிருந்து இன்னொருவர்:

சுருள் வழியும் இருக்கிறது. காரின் ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் வயர் சுற்றியிருப்பது மாதிரி, பட்டையை அச்சைச் சுற்றி ஒன்றரைச் சுற்று விடலாம். 90 பாகை என்பது கால் சுற்று. ஒன்றரை ஒன்றே முக்கால் ஆகும்போது 2 மி.மீ. ஆரம் 1.7-க்குச் சுருங்கும். ஆக, குழிக்குள் 0.3 மி.மீ. இடைவெளி விட்டால் போதும், முனைகள் இழுபடாது. ஆனால் 1.7 என்பது மேலே சொன்ன 3-ஐவிடச் சிறியது. பட்டை எப்போதும் வளைந்தே இருப்பதால் ஒவ்வொரு மடிப்பிலும் மாறும் இழுப்பு சிறியதுதான், அதனால் தாங்குகிறது. இரட்டை அடுக்கில் இதை முயல வேண்டாம். கண்ணாடியின் மூலை தடிக்கும், அழகு பார்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அசெம்பிளி லைனிலிருந்து:

ஃப்ளெக்ஸை ஒட்டும்போது கை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் யாரும் எழுதுவதில்லை. முழுக்க விரித்து வைத்து ஒட்டினால் மடிக்கும்போது முழு இழுப்பும் ஒரே திசையில் விழும். 45 பாகையில் பிடிக்கும் ஜிக் (தாங்கிச் சட்டம்) செய்து ஒட்டினால் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும்.

கீலின் உலோக விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் ஃப்ளெக்ஸுக்கும் தட்டுப்படும். விளிம்பைக் கூர் இல்லாமல் 0.2–0.3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டித் தரக் கேளுங்கள். ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடும் காற்றுப் படாத இடத்தில் இறுகும் பசை, இறுக்கத்தில் இருக்கும் பாலிகார்பனேட்டில் விரிசல் உண்டாக்கும். அது வழிந்து ஃப்ளெக்ஸில் ஏறினால் அந்த இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே அறும். உலர்ந்த பூச்சோடு வரும் ஸ்க்ரூ வாங்குவது நல்லது.

ஆப்டிகல்ஸ் கடைக்காரர் ஃப்ரேமைச் சூடாக்கி வளைத்துக் கொடுப்பதும் நடக்கும். பெட்டிக்குள் எச்சரிக்கைச் சீட்டு வைத்தால் அதை அவர் பார்க்கப்போவதில்லை. சூடுபடக்கூடாத நீளத்தைக் கையின் உட்பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

சோதனைக்கூடத்திலிருந்து:

ஐ.எஸ்.ஓ. 12870 தரத்தில் ஃப்ரேமுக்கான தாங்குதிறன் சோதனை 500 சுழற்சி. அது சாதாரணக் கண்ணாடியின் உருக்குலைவுக்கு எழுதியது, வயருக்கு அல்ல. நாளைக்கு 10 முறை மடித்தால் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 11,000. 20,000-க்குக் குறைந்து வைக்காதீர்கள்.

எண்ணி முடித்த பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அறுந்த செம்பின் இரு முனைகளும் விரித்த நிலையில் தொட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும், 60 பாகையில் மட்டும் விடும். எல்லாத் தடங்களையும் தொடராக இணைத்து, நான்கு முனை அளவீட்டில் (அளக்கும் வயரின் தடை சேராத முறை), ஓடும்போதே மின்தடையைக் கோணத்தோடு சேர்த்துப் பதியுங்கள். 10 சதவீதம் ஏறினாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்த இடத்தை வெட்டிப் பார்த்தால் வளைவின் நடுவைவிட, விறைப்புத் தகடு (ஃப்ளெக்ஸ் வளையாமலிருக்க ஒட்டும் கெட்டித் துண்டு) முடியும் ஓரத்தில் அறுந்திருப்பதே அதிகம். அந்த ஓரத்தில் மென்மையான பசை ஒரு கோடு இழுத்தால் ஆயுள் கூடும்.

ஒற்றைக் கையால் கழற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது கீல் மடிவதோடு முறுக்கவும் படும். மடித்து விரிக்கும் இயந்திரத்தில் அந்த முறுக்கு வராது, தனிச் சோதனை வையுங்கள்.

வியர்வையும் அப்படித்தான். எப்போதும் மின்னழுத்தம் இருக்கும் தடமும் தரைத் தடமும் திறந்த பேடில் (மூடப்படாத செம்புத் தொடுமுனை) பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், உப்பு நீரில் செம்பு கரைந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வளரும். கண்ணாடி அணைந்திருக்கும்போது கீலைக் கடக்கும் மின்சாரத்தைக் கையின் பக்கமே துண்டித்துவிடுங்கள், ஒரு சின்ன சுவிட்ச் சிப் போதும்.