கலைச்சொல்: கைவரிசை காட்டுவதும் அது பலிப்பதும்

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு சீட்டாட்டத்தின் விதிகளைத் தமிழில் எழுதுகிறோம். சண்டையில் ‘ஸ்ட்ரைக்’ எனப்படுவதைச் சொல்லும் நேரத்துக்கும் அது நடக்கும் நேரத்துக்கும் போன வாரம் நான் முன்வைத்த ‘ஓங்குதல் – விழுதல்’ இணையைத் திரும்பப் பெறுகிறேன். அக்கா எழுப்பிய மறுப்பை மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறு இணை ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லுமுன், இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை ஒருமுறை விளக்கிவிடுகிறேன்.

விளையாட்டு ‘வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்’. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த சீட்டாட்டம். 1994-இல் ‘ஜிகாத்’ என்ற பெயரில் வந்தது, அடுத்த ஆண்டே பெயர் மாறியது. வழக்கமாக ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு 30 புள்ளி இருப்புடன் தொடங்குவார்கள். இடப்பக்கம் இருப்பவர் உங்கள் இரை, வலப்பக்கம் இருப்பவர் உங்களை வேட்டையாடுபவர். உங்கள் கையாளாக இருக்கும் இரத்தக்காட்டேரி ஒரு செயலில் இறங்கும்போது எதிரி ஆள் மறித்தால் சண்டை மூளும். முதலில் தூரம் முடிவாகும், பிறகு இருவரும் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், அதன்பின் அது நடக்கும், கடைசியில் சண்டையைத் தொடர்வதா விடுவதா என்று பார்க்க வேண்டும். நம் குழப்பம் முழுக்க நடுவில் உள்ள இரண்டு படிகளில்தான்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். விதிகளை நான்தான் நான்கு பக்கத் தாளில் தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். செயலில் இறங்கியவர் கையால் அடிப்பதாகச் சொன்னார். மறித்தவர் ‘மெஜஸ்டி’ சீட்டை இறக்கினார். சண்டை அதோடு முடிந்துவிடும் சீட்டு அது. உடனே முதலாமவர் ‘இம்மார்ட்டல் கிராப்பிள்’ சீட்டை மேசையில் வைத்தார். அந்தச் சுற்றில் கையடி தவிர வேறெதுவும் செல்லாது என்று ஆக்கும் சீட்டு. “இப்போது அதை இறக்க முடியாது” என்று மற்றவர்கள் சொன்னோம். அவர் என் தாளை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். “அடிக்கு முன் இறக்கலாம்” என்று என் கையெழுத்தில் இருந்தது. “அடி இன்னும் விழவில்லையே, அப்புறம் எப்படி நேரம் கடந்துபோகும்?” என்று கேட்டார்.

தாளின்படி அவர் கேட்டது நியாயம். விதியின்படி தவறு. அந்தச் சீட்டுக்கு உரிய நேரம், இருவரும் தங்கள் தேர்வைச் சொல்வதற்கு முன்பு. ‘அடி’ என்ற ஒரே சொல்லை, சொல்லும் நேரத்துக்கும் நடக்கும் நேரத்துக்கும் சேர்த்து நான் எழுதியதால் வந்த வினை. முக்கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. ஒருவர் சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு கிளம்பியேவிட்டார். அதனால்தான் இந்தச் சொல் எனக்கு இவ்வளவு முக்கியம்.

சரி, இழையில் வந்த ஆலோசனைகளுக்கு வருகிறேன்.

> அடி அறிவிப்பு, அடித் தீர்வு என்று வைக்கலாமே. எளிமை.

ஐயா, ‘அறிவிப்பு’ பற்றி எனக்குக் குறை இல்லை. ‘தீர்வு’தான் இடிக்கிறது. தீர்வு என்றால் தகராறு தீர்ந்தது என்றுதான் மேசையில் இருப்பவர் நினைப்பார். தகராறே விதியைப் பற்றி எழும்போது, ‘தீர்வுக்கு முன்’ என்று ஒரு வரி இருந்தால் நடுவர் தீர்ப்புக்கு முன் என்றுகூடப் படிக்கலாம். ‘முடிவு’ என்பதும் ஆகாது. சண்டையை முடிக்கும் சீட்டுகள் தனி வகையாகவே இருக்கின்றன.

> இறக்குதல் என்பது நம் சீட்டாட்டச் சொல். சீட்டை இறக்குகிறோம், துருப்பை இறக்குகிறோம். அதையே வைத்தால் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த ஆலோசனை. முதலில் நானும் அங்கேதான் நின்றேன். ஆனால் இந்த ஆட்டத்தில் வெறுங்கையால் அடிக்கச் சீட்டே தேவையில்லை. எந்த ஆளும் தன் பலத்துக்கு ஏற்ப, சாதாரணமாக 1 காயம், கையால் அடிக்கலாம். சீட்டு இல்லாதபோது எதை இறக்குவது? ஆகவே ‘இறக்குதல்’ சீட்டுக்கு மட்டும் இருக்கட்டும்.

> ஓங்குவது அடிக்கப் போகிறவன் செய்வது. ஒதுங்கப் போகிறவன் கையை ஓங்குவானா? இந்த ஆட்டத்தில் ஒதுங்குவதும் அந்தப் படியில் தேர்வு செய்வதுதானே தம்பி?

இதுதான் அக்காவின் மறுப்பு. ‘ஓங்குதல் – விழுதல்’ இதோடு சாய்ந்தது. அந்தப் படியில் தேர்ந்தெடுக்கக் கூடியவற்றைப் பாருங்கள்: கையால் அடிப்பது, ஆயுதத்தால் அடிப்பது, ஒதுங்குவது, எதிரியின் இரத்தத்தைத் திருடுவது, சண்டையையே முடித்துவிடுவது. ஆங்கிலத்தில் இத்தனையையும் ‘ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘அடி’ ஆக்கியது நாம்தான். ஒதுங்குவதை அடி என்று சொன்னால் எந்தத் தமிழருக்கும் நெருடும். நெருடுகிற இடத்தில் மனம் தானாக ஒரு விளக்கத்தை இட்டு நிரப்பும். அந்த விளக்கம் மேசைக்கு மேசை மாறும்.

ஆகவே அடிக்கும் ஒதுங்கலுக்கும் திருட்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். என் பரிந்துரை: கைவரிசை.

கைவரிசை என்றால் சண்டைத் திறமை, கை வேலை. குத்துவரிசை என்ற தற்காப்புக் கலைப் பெயரிலும் இதே வரிசை இருக்கிறது. அதில் அடியும் உண்டு, விலகலும் உண்டு. அந்தச் சொல்லோடு கூடவே வரும் வினை நமக்கு எல்லோருக்கும் தெரியும்: கைவரிசையைக் *காட்டினான்*. காட்டினால் எப்போதும் பலன் கிடைத்துவிடுமா? “அவன் கைவரிசை இங்கே *பலிக்கவில்லை*” என்று அன்றாடம் சொல்கிறோம். நாம் தேடிய இரண்டு நேரங்களும் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. காட்டுவது ஒரு நேரம், பலிப்பது இன்னொரு நேரம்.

மேசைத் தகராறை இந்தச் சொற்களால் சொல்லிப் பாருங்கள். செயலில் இறங்கிய ஆள் முதலில் காட்ட வேண்டும், மறித்த ஆள் அதைப் பார்த்துவிட்டுக் காட்டுவார். முதலில் காட்டுவது முதலில் பலிப்பதற்கான உரிமை ஆகாது. சொல்லப்போனால் அது பாதகம், எதிரி உங்கள் கையைப் பார்த்த பிறகுதான் தன் கையைத் தேர்கிறார். இரண்டும் காட்டிய பிறகே பலிக்கும் வேளை. சண்டை முடிக்கும் கைவரிசை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே பலிக்கும். எனவே மெஜஸ்டி பலித்தது, கையடி பலிக்கவில்லை. இம்மார்ட்டல் கிராப்பிளோ காட்டும் முன் இறக்க வேண்டிய சீட்டு. நேரம் போய்விட்டது. அந்த இரவில் இந்த வாக்கியங்கள் என் தாளில் இருந்திருந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ என்பதற்கு ‘முதல் அடி’ என்று நாம் ஒப்புக்கொண்டிருந்ததையும் மாற்ற வேண்டும். அதைக் கேட்கிறவர் முதலில் காட்டிய அடி என்றோ, சுற்றின் முதலாவது அடி என்றோதான் எடுத்துக்கொள்வார். விதி சொல்வது வேறு: அப்படிப்பட்ட கைவரிசை சாதாரணக் கைவரிசைகளுக்கு முன்பே பலிக்கும். அதனால் எதிரி சாய்ந்துவிட்டால் அவர் காட்டியது வீணாகும். இருவருக்கும் அது இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பலிக்கும். எதிரி ஒதுங்கல் காட்டியிருந்தால் அதையும் ஒதுங்கிவிடலாம், சண்டை முடிப்போ இதையும் முந்திவிடும். எனவே ‘முந்துபலிப்பு’ என்று வைப்போம். ‘முந்துபலிப்புடன் 2 காயம்’ என்று சீட்டில் எழுதினால் எதை முந்துகிறது என்பது சொல்லிலேயே இருக்கும்.

காயக் கணக்குக்கு ஏற்கெனவே ஏற்ற ‘ஆற்றுதல்’ அப்படியே இருக்கட்டும், அழகான சொல். இரத்தம் 2 வைத்திருக்கும் ஆளுக்கு 3 காயம் பட்டால் இரண்டை இரத்தம் செலவழித்து ஆற்றிக்கொள்வார். ஆற்ற முடியாத மூன்றாவதால் கிடையில், அதாவது செயலிழந்து கிடக்கும் நிலையில், விழுவார். எவ்வளவு இரத்தம் இருந்தாலும் ஆற்றவே முடியாத வகைக்கு ‘ஆறாக்காயம்’ என்று இந்த இழையில்தான் யாரோ போட்டீர்கள். அவருக்கு என் வணக்கம். இரண்டும் சேர்ந்து வந்தால் சாதாரணக் காயத்தை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

தூரத்துக்கு ‘கிட்ட – எட்ட’ என்று வந்த யோசனை காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. ‘எட்டப் போ’ என்றால் தூரம். ‘கைக்கு எட்டும்’ என்றால் பக்கம். ஒரே வேர் இரண்டு எதிர்ப் பொருளில் நிற்கிறது. கையடி செல்லாத தூரத்தை ‘எட்ட’ என்று எழுதினால் அடுத்த முக்கால் மணி நேரத் தகராறு அங்கேதான். ‘கிட்டம் – தொலைவு’ போதும்.

அன்புடன்.

---

மீண்டும் வணக்கம். நேற்றைய மடலுக்கு இரண்டு மறுமொழிகள் வந்தன.

> செய்தித்தாளில் ‘கொள்ளையர் கைவரிசை’ என்றுதான் படித்திருக்கிறேன். திருட்டு வாடை அடிக்கிறதே அண்ணா.

அடிக்கிறது தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரத்தத்தைத் திருடுவதே இங்கே முறையான ஒரு தேர்வு. அது காயக் கணக்கில் வராது, காயத்தைத் தடுக்கும் சீட்டு அதைத் தடுக்காது. ‘அடி’ என்ற சொல்லால் அதைத் தொடவே முடியவில்லை. கைவரிசை தொடுகிறது.

> பலித்தல் என்றால் கனவு பலித்தது, வேண்டுதல் பலித்தது என்று நல்லது நடப்பதற்குத்தானே?

ஐயா, சாபமும் பலிக்கிறதே. யாருக்கு நல்லது என்பது யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் உங்கள் மடலைப் படித்தபோது வேறொரு ஆபத்து கண்ணில் பட்டது. ‘பலிக்குமுன்’ என்று சேர்த்து எழுதினால் ‘பலி கொடுப்பதற்கு முன்’ என்று படிக்க இடம் இருக்கிறது. இரத்தக்காட்டேரி ஆட்டத்தில் அப்படிப் படிக்க எல்லோரும் தயாராகவே இருப்பார்கள். ஆகவே ‘பலிக்கும் முன்’ என்று மகர ஒற்றோடு, பிரித்து எழுதுவதை விதியாகவே வைத்துக்கொள்வோம். பெயர்ச்சொல்லாக வரும்போது ‘பலிப்பு’. வெறும் ‘பலி’ எங்கும் வேண்டாம்.

பழகிய சொல்லை மாற்றினால் ஆட்டக்காரர்கள் ஏற்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். மூல ஆட்டத்திலேயே மாற்றியிருக்கிறார்கள். சீட்டைப் பக்கவாட்டில் திருப்புவதற்குப் பல ஆண்டுகள் ‘டாப்’ என்றவர்கள் பின்னர் ‘லாக்’ என்று மாற்றிக்கொண்டார்கள். பழைய சீட்டுகளும் புதியவையும் ஒரே கட்டில் கலந்து ஓடுகின்றன.

இம்மார்ட்டல் கிராப்பிளைப் புதுச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்:

“கிட்டத்தில் மட்டும், கைவரிசை காட்டும் முன் இறக்குக. இந்தச் சுற்றில் கையடி தவிர வேறு கைவரிசை எதையும் இருவரும் காட்டக்கூடாது.”

வரும் ஞாயிறு இந்த வரியோடு புதுத் தாள் மேசைக்குப் போகிறது. அன்று கிளம்பிப் போனவருக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். சண்டையைத் தொடர்வதா விடுவதா என்ற கடைசிப் படிக்கு இன்னும் சொல் இல்லை. ‘இழுவை’ என்று அக்கா குறித்திருந்தார்கள். ஆனால் அதே உரிமையைச் சண்டையை விடவும் பயன்படுத்தலாம், அப்போது ‘இழுவை’ பொருந்துமா? சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.